கடுங்காரம்

உறைப்பு சுவை என்ற நிலையைத் தாண்டி வலியாகவே உணரப்படும் உணவும், அதைத் தெரிந்தே தேடிப்போய் உண்ணும் வழக்கமும் கடுங்காரம் எனப்படும். இன்று இது பெரும்பாலும் மிளகாயையும் அதிலிருந்து வடித்தெடுத்த சாற்றையும் சார்ந்தது. மனிதர் மிளகாய் உண்ணத் தொடங்கிக் குறைந்தது 6,000 ஆண்டுகள் ஆகின்றன. மிளகாயோடு மல்லுக்கு நிற்பதோ சென்ற நூற்றாண்டின் கடைசியில் தலைதூக்கி இந்த நூற்றாண்டில் கொழுத்த வழக்கம். காரசாரமாகச் சாப்பிடும் மக்களின் பழக்கம் முற்றிப்போய் இப்படி ஆயிற்று என்று பலரும் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. மிளகாயை நெடுங்காலமாக உண்ட சமூகங்கள் சோறு இறங்குவதற்காக அதைத் தொட்டுக்கொண்டன. பந்தயம் பிறந்தது, உறைப்பை எண்ணால் அளக்க வழி கிடைத்த பிறகுதான்.

உடலில் நிகழ்வது

மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசினும் அதன் இனத்தைச் சேர்ந்த சில வேதிப்பொருள்களும். பொதுவாக நம்பப்படுவதுபோல இவை விதையில் உண்டாவதில்லை. விதைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெளிறிய சதையில் சுரக்கின்றன. அந்தச் சதை ஒட்டியிருப்பதால்தான் விதையும் உறைக்கிறது. 1816இல் ஜெர்மானிய வேதியியலாளர் புக்ஹோல்ட்ஸ் இப்பொருளைத் தூய்மையற்ற நிலையில் பிரித்தார். 1876இல் ஆங்கிலேயரான ஜான் கிளவ் த்ரெஷ் இதற்குக் கேப்சைசின் என்று பெயரிட்டார்.

இது எப்படி எரிகிறது என்பது தெரிய மேலும் 120 ஆண்டுகள் ஆயின. 1997இல் அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு, வலி நரம்புகளின் முனையிலுள்ள ஒரு புரதத்தைக் கண்டறிந்தது. பின்னர் டி.ஆர்.பி.வி.1 என்று பெயர் பெற்ற இப்புரதம், சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது விழித்துக்கொண்டு மூளைக்குச் செய்தி அனுப்புவது. கேப்சைசின் பட்டாலும் அது விழித்துக்கொள்கிறது. எனவே வாய் வெந்துபோவதாக மூளை நம்புகிறது. வாயிலோ சூடு துளியும் ஏறியிருக்காது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு, ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்து, 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் மருத்துவ மரபு அறுசுவையில் கார்ப்பையும் ஒன்றாக எண்ணும். உடலியலோ அதைச் சுவையோடு சேர்க்காமல் வலியோடு சேர்க்கிறது. மிளகாய் அரைத்த கை கண்ணில் பட்டால் துடிக்கிறோமே, கண்ணுக்கு நாக்கு கிடையாது என்பதை நினைத்தால் இது எளிதில் விளங்கும்.

மிகக் கடுமையான மிளகாயை மென்றால் முதல் சில நொடிகளில் பழ வாசனைகூட வரும். ஆபனேரோ என்னும் மிளகாய் வகைகளுக்கு அது இயல்பு. பிறகு தொண்டையின் பின்புறம் எரியத் தொடங்கி, நாக்கு, உதடு, காது வரை பரவும். எச்சில் ஊறும், மூக்கு ஒழுகும், கண் கலங்கும், உச்சந்தலை வேர்க்கும், விக்கல் எடுக்கும். பத்து இருபது நிமிடங்களில் வாய் அடங்கிவிடலாம். அத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அதற்குப் பிறகு வயிற்றுப் பிசைவு வரும். போட்டியாளர்கள் வாயெரிச்சலைவிட இதற்கே அதிகம் அஞ்சுகிறார்கள். குடலின் கடைசி வாசல்வரை அதே புரதம் இருப்பதால் மறுநாள் காலையும் கணக்கில் வரும். கலைக்களஞ்சியங்கள் வழக்கமாக இதை எழுதுவதில்லை, தெரியாதவர்களும் இல்லை.

கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுவதும் பரவுமே தவிரக் கழுவிப் போகாது. பாலும் தயிரும் உதவுவதற்குக் கொழுப்பு மட்டுமல்ல, கேசீன் என்ற பால் புரதமும் காரணம்.

அடிக்கடி உண்பவர்களுக்கு வலி நரம்பு மெல்ல மந்தமாகிறது. இதை 1940களின் முடிவில் ஹங்கேரியரான மிக்லோஷ் யாஞ்சோ ஆராய்ந்து காட்டினார். இதே இயல்பை வைத்துத்தான் 8 விழுக்காடு கேப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டையை நரம்பு வலிக்கு மருத்துவர்கள் இன்று தருகிறார்கள்.

பறவைகளுக்கு இந்த எரிச்சல் இல்லை. அவற்றின் புரதம் சூட்டை உணர்ந்தாலும் கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை என்பது கோழிகளில் 2002இல் உறுதிசெய்யப்பட்டது. கூண்டுக்கிளிக்குப் பச்சை மிளகாய் கொடுக்கும் வீடுகளில் இது எப்போதோ தெரிந்த விஷயம். மெல்லும் பற்களால் விதையை அரைத்துப் பாழாக்கும் விலங்குகளை விரட்டவும், விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும் பறவைகளை ஈர்க்கவும் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது என்பதை அரிசோனாவின் காட்டு மிளகாயில் டியூக்ஸ்பரி, நப்ஹான் ஆகிய இருவரும் 2001இல் காட்டினர். மனிதன் அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டும் சாப்பிடுகிற பாலூட்டி.

மிளகாய்க்கு முன்னும் தாயகத்திலும்

பழைய உலகத்தில் உறைப்பு என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு. சங்க காலத்தில் யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு குறிக்கிறது. மிளகின் காரம் பைப்பரின் என்ற வேறொரு பொருளால் வருவது. அது மிளகாயைவிடப் பல மடங்கு மென்மையானது. அதை வைத்து யாரும் யாரையும் சவாலுக்கு அழைக்க முடியாது.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அங்கே ஐந்து சிற்றினங்கள் பயிராக்கப்பட்டன. ஈக்வடாரில் கிடைத்த சமையல் கற்களிலும் பானைகளிலும் சுமார் 6,000 ஆண்டுப் பழைய மிளகாய் மாவுத் துகள்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆஸ்டெக் மக்களின் வாழ்வைப் பதினாறாம் நூற்றாண்டில் தொகுத்த சாகூன் என்ற பாதிரியார், சந்தையில் விற்ற சாறுகளை உறைப்பின் படிநிலைப்படி பிரித்து எழுதியிருக்கிறார். அவர் தரும் இன்னொரு செய்தி இக்கட்டுரைக்கு முக்கியமானது. ஆஸ்டெக் நோன்பு என்பது உப்பையும் மிளகாயையும் விலக்குவது. மிளகாயை உண்பதல்ல, உண்ணாமல் இருப்பதே அங்கே உடலை வருத்தும் தவம்.

பரவல்

1493 ஜனவரியில் ஹிஸ்பானியோலாத் தீவில் இருந்த கொலம்பஸ், அங்குள்ளவர்கள் அஹி என்று அழைக்கும் காய் மிளகைவிட மதிப்புள்ளது என்றும், ஆண்டுக்கு 50 கப்பல்கள் நிறைய ஏற்றலாம் என்றும் நாட்குறிப்பில் எழுதினார். வணிகக் கணக்கு பொய்த்தது. எந்த மண்ணிலும் முளைக்கும் செடியை யாரும் கப்பலில் வந்து வாங்க வேண்டியதில்லை. போர்த்துகீசியர் வழியாக அது பதினாறாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரைகளுக்கும் கோவாவுக்கும் வந்தது. அதற்குப் பிறகு அது பரவ வணிகர் தேவைப்படவில்லை, கொல்லைகளே போதுமாயின.

சீனாவில் 1591இல் காவ் லியன் எழுதிய நூலில் மிளகாய் அழகுச் செடியாக வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்பு கிடைக்காத மலைப்பகுதியான குய்சோவில் ஏழைகள் அதை உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தினர். தென்னிந்தியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளும் பச்சை மிளகாயும், கஞ்சிக்குச் சுட்ட வற்றலும், யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் அரைத்துச் சேர்க்கும் செத்தல் மிளகாயும் சாதாரணத் தானியத்தையும் கிழங்கையும் நாவுக்கு ஏற்றதாக்கும் மலிவான வழி. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாவட்டத்து வீடுகளில் அதை எத்தனை தின்ன முடியும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குழம்பு எப்படி வந்திருக்கிறது என்றே பார்ப்பார்கள்.

தண்டனையாக

மிளகாயின் வலியை வலியாகவே பயன்படுத்திய வரலாறும் உண்டு. அதில் உணவுக்கு இடமில்லை. ஆஸ்டெக் வாழ்வைக் காட்டும், 1540களைச் சேர்ந்த மெண்டோசா ஓவியச் சுவடியில், அடங்காத மகனை எரியும் மிளகாயின் புகைமேல் பிடித்திருக்கும் தந்தையின் படம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அளித்த அறிக்கை, கண்ணில் மிளகோ மிளகாயோ வைப்பதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2010இல் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை பூத் ஜோலோகியா மிளகாயால் கண்ணீர்க் குண்டு செய்வதாக அறிவித்தபோது உலகம் வியந்தது. இங்கே அதில் வியக்கப் புதிதாக ஒன்றுமில்லை.

அளவுகோல்

டெட்ராய்ட் நகரின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய வில்பர் ஸ்கோவில், 1912இல் ஒரு முறையை வெளியிட்டார். மருந்துச் சரக்காக வரும் மிளகாய் ஒரு மூட்டையில் ஒரு வீரியமும் இன்னொன்றில் வேறு வீரியமுமாக இருந்தது அவரது சிக்கல். மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றை இனிப்பு நீர் விட்டு விட்டு நீர்க்கச் செய்து, எரிச்சல் அரைகுறையாகத் தெரியும் கடைசிப் புள்ளியைச் சோதகர் நாக்கால் கண்டார். எத்தனை மடங்கு நீர் ஊற்ற வேண்டியிருந்ததோ அதுவே அளவு. தூய கேப்சைசினுக்கு இது 1.6 கோடி. ஆபனேரோ சில இலட்சம்; குண்டூர் சன்னம் வற்றல் சுமார் 35,000 முதல் 40,000. நாக்கு சோர்ந்துபோகும் என்பதும், ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் இந்த முறையின் குறைகள். இப்போது நிறப்பிரிகைக் கருவி கேப்சைசினை அளந்து தரும் எண்ணை ஸ்கோவில் அலகாக மாற்றுகிறார்கள்.

மருந்துக்கடைச் சரக்கைச் சீராக்கப் பிறந்த இந்த எண், ஏறக்குறைய எண்பதாண்டு கழித்து வேறு வேலைக்குப் போயிற்று. 1994இல் 5,77,000 அலகுடன் ரெட் சவினா ஆபனேரோ கின்னஸ் பட்டியலில் ஏறியது. 2000இல் அசாமின் தேஸ்பூர் பாதுகாப்பு ஆய்வகம், அப்பகுதி மிளகாய் ஒன்றுக்கு 8,55,000 அலகு கிடைத்ததாக அறிவித்தது. நியூ மெக்சிகோ அரசுப் பல்கலைக்கழகத்தின் பால் போஸ்லாண்ட் அதன் விதையை வரவழைத்துப் பயிரிட்டு 10,01,304 என்று அளந்தார். 2007இல் பூத் ஜோலோகியா என்ற அந்த மிளகாய் உலகிலேயே மிகக் கடுமையானதாயிற்று. அசாமிலும் நாகாலாந்திலும் அது ஊறுகாய்க்கும் இறைச்சிக் குழம்புக்கும் வீட்டுக் கொல்லையில் நிற்கும் செடி. பத்து இலட்சம் என்ற எண் வந்ததும் உலகம் அதைச் சாகசப் பொருளாக்கியது.

பிறகு வந்தவை கொல்லையில் தற்செயலாக வளர்ந்தவை அல்ல; எண்ணைக் குறிவைத்துக் கலப்பினம் செய்யப்பட்டவை. 2011இல் மட்டும் பிரிட்டனின் இன்ஃபினிட்டி, நாகா வைப்பர், ஆஸ்திரேலியாவில் விளைந்த ட்ரினிடாட் ஸ்கார்பியன் என்று பட்டம் கைமாறியது. 2013இல் தென் கரோலினாவின் எட் கரி உருவாக்கிய கரோலினா ரீப்பர் பட்டத்தைப் பிடித்து, பின்னர் 16,41,183 அலகை எட்டியது. பத்தாண்டு கழித்து, 2023 அக்டோபரில், அதே எட் கரியின் பெப்பர் எக்ஸ் 26,93,000 அலகுடன் அதை முந்தியது.

விருப்பமும் பந்தயமும்

வலிக்கிற ஒன்றை ஏன் விரும்புகிறோம் என்று முறையாகக் கேட்டவர் பென்சில்வேனியப் பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசின். மெக்சிகோ மலைக்கிராமம் ஒன்றில், நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு மிளகாய்ப் பிரியம் பிறப்பதை அவரும் தெபோரா ஷில்லரும் கவனித்தனர்; யாரும் வற்புறுத்துவதில்லை, பெரியவர்களைப் பார்த்தே கற்கிறார்கள். நாள்தோறும் காரக் கழிவைத் தின்னும் அவ்வூர் நாய்களும் பன்றிகளும், வாய்ப்புக் கொடுத்தபோது காரமில்லாததையே எடுத்தன. எலிகளைப் பழக்கும் முயற்சியும் பெரும்பாலும் தோற்றது. உடல் அபாயம் என்று கூவும்போது மனம் அது பொய் என்று அறிந்திருப்பதில்தான் இன்பம் இருக்கிறது என்பது ரோசின் கண்ட முடிவு. பேய்ப்படத்துக்கும் இராட்டினத்துக்கும் அவர் இதே விளக்கம் தந்தார்.

பிரிட்டனின் கறி உணவகங்கள் இந்த இன்பத்தை முதலில் விலைபேசின. வினிகரும் பூண்டும் சேர்ந்த கோவாவின் விண்டாலு, அங்கே ஆண்பிள்ளைகளின் பந்தயப் பண்டமாயிற்று. அதற்கும் மேலே ஃபால் என்று ஒரு கறி பர்மிங்ஹாமில் பிறந்தது. இந்தியாவில் அப்படி ஒரு கறி கிடையாது. ஹூனான் மாகாணத்தின் நிங்ஷியாங்கில் மிளகாய் மிதக்கும் குளத்தில் அமர்ந்து மிளகாய் தின்னும் கோடைப் போட்டி நடக்கிறது. 2015இல் தொடங்கிய ஹாட் ஒன்ஸ் என்ற இணைய நிகழ்ச்சி, படிப்படியாகக் காரமேறும் கோழி இறக்கைகளைத் தின்றபடியே பிரபலங்களைப் பேட்டி காண்கிறது. சாப்பிடுகிறவரைவிடப் பார்க்கிறவர் முக்கியமாகிப்போனது இக்கட்டத்தில்தான்.

கேடுகள்

சாதாரண அளவில் மிளகாய் கேடு செய்வதில்லை. மருத்துவ இதழ்களில் வந்தவை அரிய நிகழ்வுகள். 2016இல் வெளியான ஒன்றில், பூத் ஜோலோகியா விழுது தடவிய பர்கரைத் தின்று கடுமையாக வாந்தியெடுத்த 47 வயது அமெரிக்கருக்கு உணவுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. கிழிந்து, 23 நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. 2018இல் வெளியான மற்றொன்றில், போட்டியில் ரீப்பர் தின்ற 34 வயதுக்காரருக்கு மூளைத் தமனிகள் சுருங்கி இடிபோன்ற தலைவலி வந்தது. சில வாரங்களில் தமனிகள் இயல்புக்குத் திரும்பின. 2023 செப்டம்பரில், கடுங்காரமான ஒற்றைச் சில்லைத் தின்னும் சவாலில் இறங்கிய மாசசூசெட்ஸ் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனுக்குப் பிறவி இதயக் கோளாறும் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. தயாரித்த நிறுவனம் அந்தச் சில்லைக் கடைகளிலிருந்து எடுத்துக்கொண்டது.

2024 ஜூனில் டென்மார்க்கின் உணவுத்துறை, தென் கொரியாவின் புல்டாக் நூடுல்ஸ் வகைகள் மூன்றில் கேப்சைசின் அளவு நஞ்சாகும் அபாயம் உள்ளதென்று திரும்பப் பெறச் சொன்னது. கொரியத் தயாரிப்பாளர் கணக்கிட்ட முறையையே மறுத்தார். மறுமதிப்பீட்டுக்குப் பின் அடுத்த மாதமே இரண்டு வகைகள் கடைக்குத் திரும்பின. மூன்று மடங்கு காரம் என்று உறையில் அச்சிட்டிருந்த வகைக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.