தொங்கிப்போன கேட்டும் ஒரு குடுமி வரலாறும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கமே வர முடியல. இன்னைக்கு உட்கார வச்சது எங்க வீட்டு இரும்பு கேட். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு காபி எடுத்துட்டு வந்துடுங்க :-)

எங்க வீட்டுத் தோட்டத்துக்கு முன்னாடி இருக்குறது அப்பா காலத்துல போட்ட கேட். நாலஞ்சு வருஷமாவே அது தரையில உரசிக்கிட்டுதான் இருந்துச்சு. வாசல் சிமென்ட்ல வில்லு மாதிரி ஒரு கோடு விழுந்துடுச்சு. கொண்டி ஓட்டைக்குள்ள போகாது. வீட்டுல எல்லாரும் கேட்டோட முனையை ஒரு கையால தூக்கி, முட்டியால தள்ளி மூடப் பழகிட்டோம். பழகிட்டா எதுவுமே கோளாறாத் தெரியாது இல்லையா?

போன மாசம் பக்கத்து வீட்டுப் பொடியன் அதுல ஏறித் தொத்திக்கிட்டு முன்னும் பின்னும் ஆடியிருக்கான். மேல் கீல் வெல்டிங் விட்டு, கேட் அப்படியே சாய்ஞ்சிடுச்சு. ஓரத்துல இருந்த வேப்பமரம் தாங்கிக்கிட்டதால பையனுக்கு முழங்கைச் சிராய்ப்போட போச்சு. கேட் விழுந்து குழந்தைங்க செத்துப் போன செய்தியை எத்தனை தடவை பேப்பர்ல படிச்சுட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கோம். பையனோட அம்மா என்னைத் திட்டல. "இது ரொம்ப நாளா இப்படித்தானே சார் இருக்கு?" அப்படின்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாலே தேவலாம்.

வெல்டிங் பட்டறை அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். வயசு அறுபதுக்கு மேல. கேட்டைத் தொடக்கூட இல்ல, தூக்குக்குண்டை எடுத்துத் தூண் ஓரமா தொங்கவிட்டார். "தம்பி, கேட்டு தொங்கல. உங்க தூணுதான் சாயுது. போய் நம்ம கோயில் கதவைப் பாருங்க, அது ஏன் தொங்கலன்னு யோசிங்க, அப்புறம் வந்து பேசுங்க"ன்னுட்டார்.

சரின்னு போனேன். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வரி: எங்க ஊர் விருத்தாசலம், பழைய பேர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில விருத்தகிரீசுவரர் கோயில். செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டுல கற்றளியா எடுப்பிச்சது. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, தேர் ஐந்துன்னு இங்க எல்லாமே ஐந்து கணக்கு. இன்னொரு அடையாளம் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்துல பழுப்பு நிலக்கரிக்கு மேல கிடைக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பித்தான் இங்க செராமிக் தொழிற்பேட்டை வந்துச்சு. பொம்மை, ஃபியூஸ் கட்டைன்னு சுட்டுச் சுட்டு ஊருக்கே பேர் வாங்கிக் குடுத்தாங்க.

கோயில் கதவுக்கு வருவோம். பழைய கோபுரக் கதவுகள்ல நாம இப்ப போடுற மாதிரி கீல் கிடையாது. கதவோட உள்ஓரக் கட்டை மேலயும் கீழயும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பேர் குடுமி. மேல் குடுமி நிலையில இருக்குற துளைக்குள்ள நிக்கும். கீழ்க் குடுமி கல்லுல வெட்டின குழிக்குள்ள உட்கார்ந்து சுத்தும். கதவோட மொத்த எடையும் கீழ்க் குடுமி வழியா நேரா கல்லுக்கு இறங்கிடும். மேல் குடுமிக்குக் கதவு சாயாமப் பிடிச்சுக்கிற வேலை மட்டும்தான். பக்கத்துல ஆணி அடிச்சு எடையைத் தொங்கவிடுற சமாச்சாரமே இல்ல. தினமும் அவ்வளவு பெரிய கதவைத் திறக்க வேண்டாம்னு அதுக்குள்ளயே திட்டிவாசல்னு ஒரு சின்னக் கதவும் வைப்பாங்க. குடுமி தேய்றது குறையுமே!

இந்தக் கோயில் கதவுக்குப் பூஜை நேரத்துல திறந்து மூடுறது மட்டும் வேலையா இருக்கல. கர்நாடகப் போர்க் காலத்துல இந்தக் கோயில் ஒரு கோட்டை. 1751இல் திருச்சிக்குப் போன உதவிப்படையோட ராபர்ட் கிளைவும், பின்னால சென்னை கவர்னரான பிகட்டும் விருத்தாசலம் வரைக்கும் வந்தாங்க. திரும்பிப் போற வழியில பாளையக்காரர் ஆளுங்ககிட்ட மாட்டித் தப்பிச்ச கதையெல்லாம் உண்டு. அந்த மாதிரி நேரத்துல கதவு தரையில உரசி நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னும் பின்னாடி போனா நெடுநல்வாடை இருக்கு. நக்கீரர் அதுல பாண்டியன் அரண்மனை வாயிலைச் சொல்றார். பருத்த இரும்பால இறுக்கின இரட்டைக் கதவு, மேல செவ்வரக்குப் பூச்சு, இடைவெளி தெரியாம முடுக்கிப் பொருத்தின கைதேர்ந்த கம்மியன், கொடியோட யானை நுழையற உயரம். பொருத்து இடைவெளி இல்லாம இருக்கணும்கிறதை ஒரு கவிஞர் கவனிச்சு எழுதியிருக்கார்னா, விட்டுப்போன கதவுகளையும் அவர் பார்த்திருக்கணும்னு எனக்குத் தோணுது.

இது நம்ம ஊர் சங்கதி மட்டும் இல்ல. 1878இல் ஹொர்முஸ்த் ரசாம்ங்கிறவர் இன்றைய இராக்குல பலவாத் என்ற இடத்துல அசீரிய மன்னன் மூன்றாம் ஷல்மனேசரோட கதவைத் தோண்டி எடுத்தார். மரம் மக்கிப்போய் வெண்கலப் பட்டைங்கதான் மிச்சம். கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அந்தக் கதவும் கல் குழியில சுத்துற தூண்லதான் நின்னுச்சு. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலோட வெண்கலக் கதவுகளும் மேலயும் கீழயும் உள்ள முளைகள்லதான் சுத்துது. மெசபடோமியா, ரோம், திருமுதுகுன்றம் எல்லா இடத்துலயும் தச்சனுக்குத் தெரிஞ்ச ஒரே உண்மை: எடையைத் தரைக்குக் குடு.

அப்போ எங்க வீட்டு கேட் எங்க தப்பு பண்ணுச்சு?

நம்ம பழைய வீடுகளை நினைச்சுப் பாருங்க. திண்ணை தெருவுல இருக்கும், கதவு திண்ணைக்கு உள்ள. கொல்லைக்கும் வயலுக்கும் படல். தூக்கி வச்சா மூடினது, எடுத்து வச்சா திறந்தது. வீடு தெருவை விட்டுப் பின்வாங்கி, சுத்தி மதில் எழுப்புன பிறகுதான் ரெண்டு தூணுக்கு நடுவுல இரும்பு கேட் வந்துச்சு. இதுக்கு மேல நிலையும் கிடையாது, கீழ குழிக்கல்லும் கிடையாது. தூண்ல அடிச்ச ரெண்டு கீல்தான். நம்ம ஊர்ல யாரும் அதை வாயில்னு சொல்றதில்ல, கேட்தான். பொருளோட பேரும் சேர்ந்தே வந்துடுச்சு.

ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு மறு பக்கம் அந்தரத்துல நிக்கிற கட்டையைப் பத்தி 1638இல் கலிலியோ ஒரு புத்தகத்துல எழுதினார். சுவத்துல செருகின கட்டை, நுனியில எடைன்னு படமே போட்டிருப்பார். உள் விசை எப்படிப் பரவுதுங்கிற கணக்குல அவருக்குக் கொஞ்சம் பிசகு இருந்துச்சு. ஆனா நீளம் கூடக்கூட வேர்ல இழுவை கூடும்கிறது சரிதான்.

நாமளும் ஒரு கணக்குப் போடுவோம் (பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்). கேட் 6 அடி அகலம், எடை 60 கிலோ. எடை நடுவுல, அதாவது கீல்லேர்ந்து 3 அடியில இறங்குதுன்னு வைங்க. 60 × 3 = 180. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 4 அடின்னா 180 ÷ 4 = 45 கிலோ. மேல் கீலை வெளிப்பக்கமா இழுக்குற விசை இது. அதே 45 கிலோ கீழ்க் கீலைத் தூணுக்குள்ள தள்ளும். கீல் இடைவெளி 2 அடிதான்னா இழுவை 90 கிலோ ஆயிடும்.

இப்ப 30 கிலோ பையன் ஒருத்தன் நுனியில தொத்துறான். 30 × 6 = இன்னொரு 180. மேல் கீல் இழுவை ஒரே நொடியில இரட்டிப்பு! அதுலயும் அவன் ஆடினா இன்னும் கூடும். எங்க வீட்டுல நடந்தது அதுதான். இதே கேட்டை ஒரே மடிப்பா 12 அடிக்குச் செஞ்சா எடையும் ரெண்டு மடங்கு, தூரமும் ரெண்டு மடங்கு, ஆக இழுவை நாலு மடங்கு. அகல வாசலுக்கு இரட்டைக் கதவு ஏன்னு இப்ப புரியுதா?

இதுக்கான மருந்தை எங்க ஊர்க்காரங்க தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே பார்த்திருக்கலாம். 1920களின் கடைசியில விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் எங்க ஊர் வழியா வந்துச்சு. பழைய ரயில்வே கேட்டுகள்ல பக்கவாட்டுல திறக்குற வகை ஒண்ணு உண்டு. அதுல கீல் தூண் உயரமா இருக்கும். அதோட தலையிலேர்ந்து கேட் நுனிக்குச் சாய்வா ஒரு இரும்புக் கம்பி போகும். நுனி இறங்கப் பார்த்தா கம்பி இழுத்துப் பிடிச்சுக்கும்.

இங்க நம்ம பீங்கான் பாடம் உதவும். பீங்கானை அமுக்கினா நல்லா தாங்கும், இழுத்தா பட்டுனு விட்டுடும். மெல்லிசு இரும்புக் கம்பி நேர் எதிர். இழுத்தா தாங்கும், அமுக்கினா வளைஞ்சுக்கும். அதனால கம்பி போடுறதா இருந்தா மேல் கீல் மூலையிலேர்ந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்குப் போடணும். மரச்சட்டம் மாதிரி தடிமனான முட்டுன்னா கீழ்க் கீல் மூலையிலேர்ந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்கு. திசை மாறினா கம்பி சும்மா அழகுக்குத்தான். எங்க கேட்ல அப்பா காலத்துலயே குறுக்குக் கம்பி இருந்துச்சு, தப்பான திசையில :-(

அண்ணன்கிட்ட திரும்பிப் போய் இதெல்லாம் ஒப்பிச்சேன். சிரிச்சுக்கிட்டே வேலையை ஆரம்பிச்சார். அவர் வரிசை இது, யாருக்காவது உதவும்:

முதல்ல தூண். களிமண் பாங்கான நிலம் மழையில உப்பி வெயில்ல சுருங்கும், தூண் மெல்லச் சாயும். கீழ்க் கீல் இருந்த இடத்துல இருக்க, மேல் கீல் மட்டும் 1 செ.மீ. முன்னால வந்தாலே எங்க கேட் நுனி 1.5 செ.மீ. இறங்கிடும். சாய்ஞ்ச தூணை விட்டுட்டு கேட்டைச் செதுக்குறது வீண். எங்க தூணைப் பிரிச்சு, ஆழமா கடைக்கால் தோண்டி, கம்பி கட்டி கான்கிரீட் போட்டோம்.

ரெண்டாவது கீல். தேஞ்சு லொடலொடன்னு ஆடினா மாத்திடணும். கீல்களுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி விட முடியுமோ அவ்வளவும் விடணும்.

மூணாவது சட்டம். கேட்டைக் கழட்டித் தரையில போட்டு, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா சட்டம் சதுரமா இருக்கு. வித்தியாசம் வந்தா கோணிடுச்சு. கோணலை நிமிர்த்திட்டு, சரியான திசையில கம்பி போட்டு, நடுவுல ஒரு டர்ன்பக்கிள் வச்சிடணும். நாளைக்குத் தொய்ஞ்சா வெல்டிங் வேண்டாம், திருகினா போதும்.

நாலாவது துரு. சதுரக் குழாய்க்குள்ள தண்ணி தேங்கி உள்ளேர்ந்து அரிக்கும். அடியில சின்னத் துளை போட்டு, வெல்டிங் பண்ணின இடமெல்லாம் தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சிட்டுத்தான் பெயிண்ட்.

நுனியில சக்கரம் வைக்கலாமான்னு கேட்டேன். "தரை மட்டமா இருந்தா வைக்கலாம். மேடு பள்ளம்னா சக்கரம் கேட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் கீலை உடைச்சிடும்"னார்.

கடைசியாப் பண்ணினதுதான் எனக்குப் பிடிச்சது. கீழ்க் கீலுக்குப் பதிலா தரையில ஒரு குழாய்த் துண்டைக் கான்கிரீட்ல பதிச்சு, உள்ள ஒரு பேரிங் குண்டைப் போட்டு, கிரீஸ் வச்சு, கேட்டோட ஓரக் கம்பியை அதுமேல உட்கார வச்சார். மேல பிடிப்புக்கு ஒரு வளையம். அவ்வளவுதான். "குடுமி!"ன்னு கத்திட்டேன். "அதைத்தான் தம்பி அன்னைக்கே சொன்னேன்"னார்.

இந்த குண்டு எடையைத் தாங்கும், ஆனா முன்னாடி போட்ட கணக்குல வந்த பக்கவாட்டு இழுவை மேல் வளையத்துக்கு இன்னும் இருக்கத்தான் செய்யுது. அதனால தூண் பலம் எப்பவும் முக்கியம், கேட்ல யாரும் ஏறவும் கூடாது. பொடியன்கிட்ட இந்தக் கணக்கை எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ கீல் பக்கமா ஏறினா பரவாயில்லையா அங்கிள்?"னு கேட்டான். பெரிய ஆளா வருவான். வேப்பமரத்துல ஒரு ஊஞ்சல் கட்டிக் குடுத்துட்டேன்.

இப்ப ஒரு விரலால தள்ளினா கேட் மூடுது. சிமென்ட்ல இருக்குற வில்லுக் கோட்டை மட்டும் பூச வேண்டாம்னு சொல்லிட்டேன். நாலஞ்சு வருஷம் நான் பார்த்தும் பார்க்காம விட்டதுக்கு அது சாட்சி.

உங்க வீட்டு கேட் உரசுதா? இன்னைக்கே போய் மேல் கீலைப் பாருங்க. உங்க ஊர்ல குடுமிக்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.