தூக்குவதும் தாங்குவதும்: ஜக்கின் வரலாறு

1857 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3 ஆந் திகதி இலண்டன் மாநகரின் தேம்ஸ் நதிக்கரையிலே பெருந்திரளான மக்கள் கூடியிருந்தனர். அதுகாலம் வரை உலகம் கண்டிராத பெருங் கப்பலாகிய 'கிரேட் ஈஸ்டேர்ண்' அன்று நீரில் இறங்கவிருந்தது. 692 அடி நீளமும் ஏறக்குறைய 12,000 தொன் பாரமும் கொண்ட அந்த இரும்பு மலையை நேராக இறக்குவதற்கு ஆற்றின் அகலம் போதவில்லை. ஆதலால் அதனைப் பக்கவாட்டிற் சறுக்கிவிட எண்ணினார் பொறியியலறிஞர் புரூணல். கப்பல் சிறிது நகர்ந்தது, சங்கிலி சுற்றிய பெரும் உருளையொன்று திடீரெனச் சுழன்று தொழிலாளரைத் தூக்கி எறிந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதன்பின் கப்பல் அசைய மறுத்துவிட்டது.

ஏறக்குறைய மூன்று மாத காலம் அதனை அங்குலம் அங்குலமாகத் தள்ளியவை நீரழுத்தப் பொறிகள். பல இடங்களிலிருந்தும் அவை திரட்டப்பட்டன. சில அழுத்தந் தாங்காது வெடித்தன. ஈற்றில் 1858 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆந் திகதி கப்பல் மிதந்தது. இப்பணிக்குப் பொறிகள் செய்து கொடுத்தோருள் பேர்மிங்காம் நகரிற் சிறிய பட்டறை வைத்திருந்த டாங்யே சகோதரரும் இருந்தனர். அவர்களுடைய பெயர் அன்றுதொட்டே உலகெங்கும் பரவியது. கப்பல் மிதந்ததுபோலத் தம் தொழிலும் அன்றுதான் மிதந்தது என்று அவர்கள் பின்னாளிற் பெருமை பேசியதில் வியப்பில்லை.

அக்கப்பலை நகர்த்திய அதே தத்துவம் இன்று மோட்டார்க் காரின் பின்பெட்டியிலே, ஒரு போத்தல் அளவான கருவியில் அடங்கிக் கிடக்கிறது. ஜக் என்றும், தமிழகத்திலே ஜாக்கி என்றும் வழங்குவது அதுவே.

ஆயினும் ஜக்கின் குலத்திலே நீரழுத்த வகை இளையது, மூத்தது திருகு. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டவரான வில்லார் த ஒன்கூர் என்பாரின் சித்திரக் குறிப்பேட்டிலே திருகினாற் பாரம் உயர்த்தும் பொறியொன்றின் படம் உண்டு. திருகு என்பது ஒரு தூணைச் சுற்றி வளைந்தேறும் சாய்தளமன்றி வேறில்லை. மலைப்பாதை வளைந்து வளைந்து செல்வதால் மாட்டு வண்டியும் மலையேறுவதுபோல, திருகின் புரியிலே பாரம் மெல்ல மெல்ல ஏறுகிறது.

இங்கே ஒரு நுட்பம் நோக்கற்பாலது. திருகு ஜக்கைச் சுழற்றுபவன் செலவிடும் சக்தியிற் பாதிக்கு மேற்பட்டது உராய்விலே வீணாகிப் போகிறது. கணக்கர் இதனை நட்டம் என்பர். ஆனால் அந்த நட்டமே அவனது உயிர்க்காப்பு. கையை எடுத்துவிட்டாலும் பாரம் திருகைப் பின்னோக்கிச் சுழற்றிக் கீழிறங்க மாட்டாமைக்கு அவ்வுராய்வே காரணம்.

நீரழுத்த ஜக்கின் கதை வேறு. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்து அழுத்தினால் அவ்வழுத்தம் எவ்விடத்தும் குறையாது பரவும் என்று காட்டியவர் பாஸ்கல். 1662 ஆம் ஆண்டில் அவர் இறந்த பின்னரே, அடுத்த ஆண்டில், அந்நூல் அச்சேறியது. அதனைத் தொழிலுக்கு உதவும் பொறியாக்கியவர், பூட்டுகள் செய்வதிற் பெயர்பெற்ற ஆங்கிலேயர் ஜோசப் பிராமா. அவர் காப்புரிமை பெற்றது 1795 இல். அவரை வருத்திய இடையூறு ஒன்றே. அழுத்தம் மிக மிக, ஆடுதண்டைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டு வெளிவந்தது. அழுத்தம் ஏறுந்தோறும் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையமே அதற்கு மருந்தாயிற்று. அதனைக் கண்டவர் பிராமாவிடம் பணிபுரிந்த ஹென்றி மோட்ஸ்லே என்பர். 1851 இல் நியூயோர்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் என்பவர், எடுத்துச் செல்லத்தக்க நீரழுத்த ஜக்குக்குக் காப்புரிமை பெற்றார். காலப்போக்கில் தண்ணீரின் இடத்தை எண்ணெயும், தோலின் இடத்தை இறப்பரும் பிடித்தன.

அதன் ஆற்றலை ஒரு கணக்கினால் உணரலாம். சிறிய தண்டின் விட்டம் 1 சதமமீற்றர், பெரிய தண்டின் விட்டம் 4 சதமமீற்றர் எனக் கொண்டால் விசை 16 மடங்காகும். கைப்பிடி நெம்புகோல் மேலும் 12 மடங்கு கூட்டுமாயின், மொத்தம் 192 மடங்கு. ஒரு சிறுவன் 10 கிலோ பாரத்தை அழுத்தும் அளவு அழுத்தினால், உராய்வைக் கழித்தாலும், ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாத பாரம் எழும்பும். இயற்கை எதனையும் இனாமாகத் தருவதில்லை. வண்டி ஓரங்குலம் உயர, கைப்பிடியின் நுனி 16 அடி தூரம் ஏறியிறங்கவேண்டும். ஏற்றிய பாரத்தைப் பிடித்து வைத்திருப்பதோ ஒரு மெல்லிய வளையமும், ஒரு சிறு வால்வும் மாத்திரமே. வளையம் தேய்ந்தால் வண்டி மெல்ல இறங்கும். வால்வு தவறுதலாகத் திறபட்டால் ஒரேயடியாக இறங்கும். திருகுக்கு உராய்வு செய்யும் காவலை இங்கே செய்வார் இல்லை.

மோட்டார்க் காரோடு ஜக் உறவு கொண்டது காற்றடைத்த ரயரினால். டன்லொப் 1888 இல் அந்த ரயரைச் செய்தார். மிச்செலின் சகோதரர் 1895 இல் பாரிஸ் – போர்டோ பந்தயத்தில் அதனைக் காரிற் பூட்டி ஓட்டினர். வழிநெடுக அது வெடித்தது. அக்காலத்து மரச் சில்லைக் கழற்றுவது எளிதன்று. தெருவோரத்திலே வண்டியை ஜக்கில் ஏற்றி, ரயரை நெம்பி, ஒட்டுப்போட்டுக் காற்றடிக்க வேண்டியிருந்தது. வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில் ஸ்டெப்னி வீதியிலே இரும்புக் கடை நடத்திய டேவிஸ் சகோதரர் 1904 இல், பழுதுற்ற சில்லின்மேற் பூட்டத்தக்க உதவிச் சில்லொன்றைச் செய்தனர். அந்தத் தெருவின் பெயரே தமிழகத்து ஓட்டுநர் வாயில் இன்றும் 'ஸ்டெப்னி'யாக உலவுகிறது.

பழைய காருக்கு எந்த ஜக் ஏற்றது என்ற கேள்விக்கு, அக்காரின் எலும்புக்கூடே விடை சொல்லும். 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்ட் 'ரீ' மாதிரியிலே முன்னும் பின்னும் கெட்டியான அச்சுகள் உண்டு. சிறிய திருகு ஜக்கோ போத்தல் ஜக்கோ அச்சின்கீழ் நேராக நின்றால் போதும். சில அங்குலத்திற் சில்லு நிலத்தை விட்டெழும். பின்னாளிற் சட்டமும் உடலும் ஒன்றாகிய கார்கள் வந்தன. அவற்றை உடற்புறத்தில் தூக்கும்போது முதலில் வில்லுகள் தளர்ந்து நீளும், வண்டி சாயும், அதன் பின்னரே சில்லு எழும். ஆகவே அதிக உயரம் வேண்டும். தூக்குமிடமும் தயாரித்தவர் குறித்ததாகவே இருக்கவேண்டும். (1955 இல் வெளிவந்த சிற்றோன் டீ.எஸ். இவ்வில்லங்கத்துக்கெல்லாம் விலக்கு. தன் எண்ணெய் அழுத்தத்தால் தானே எழுந்து, முட்டொன்றில் உடலைச் சாய்த்து, சில்லை மடித்துத் தூக்கிக்கொள்ளும் விந்தை அது.)

இலங்கை நேயர் நன்கறிந்த மொரிஸ் மைனர் 1948 இற் பிறந்தது. அதன் அடித்தளத்துக் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் ஜக்கின் கரத்தைச் செருகுவதற்குக் குழிகள் உண்டு. ஒருபக்கத்து இரு சில்லுகளையும் அது ஒருங்கே தூக்கும். ஆனால் அந்தக் குறுக்குச் சட்டமே அவ்வண்டியிற் துரு விரும்பித் தின்னும் இடம். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே தகடு கருவாட்டுத் துண்டுபோல் உதிர்ந்திருத்தல் கூடும். அத்தகைய வண்டியில் உரிய ஜக்கை உரிய குழியிற் செருகுவதும் ஆபத்தே. பின் அச்சின்கீழ்ப் போத்தல் ஜக்கை வைப்பது அவ்வேளையிற் புத்தியாகும்.

1990 ஆம் ஆண்டின் பின், யுத்தத் தடையினாற் பெற்றோல் அருகிய யாழ்ப்பாணத்திலே மொரிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோற் துளிகளை விட்டு உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வண்டிகளிற் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பேணுவோர் பலருக்கும் வீட்டு முற்றமே கராச். முற்றத்து மணலில் ஜக் புதையும். நண்பகல் வெயிலில் இளகிய தார் வீதியிலும் அப்படியே. தடித்த பலகையொன்று அடியிலிருத்தல் அவசியம். சில்லுள்ள தள்ளு ஜக்கு மணலுக்கு ஒவ்வாது. அதன் கரம் வளைந்தெழுவதால், உயருந்தோறும் அது சிறிது உருண்டு நகர இடம்பெறவேண்டும்.

'கியரில் விட்டிருக்கிறது, வண்டி உருளாது' என்று கூறுவோர் பலர். இது பெரும் மயக்கம். பின்சில்லொன்று நிலத்தை விட்டெழுந்தால், அச்சின் நடுவேயுள்ள பற்சக்கரங்கள் அச்சில்லை வெறுமனே சுழலவிட்டு, மற்றதை உருளவிடும். கைத்தடை இழுத்திருந்தாலும் நிலத்தில் நின்று தடுப்பது ஒரு பின்சில்லே. ஆதலால் எதிர்ப்பக்கத்துச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை இடவேண்டும்.

காரின்கீழ் உடலை நுழைக்குமுன், உருக்குத் தாங்கிகளை அச்சின்கீழோ உறுதியான சட்டத்தின்கீழோ நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்கிவிடவேண்டும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் முட்டாகா. அவை வளைந்து எச்சரிப்பதில்லை, சட்டென்று நொறுங்கும். பழைய ஜக்கை நம்புமுன் அதனால் வண்டியின் ஒரு மூலையை உயர்த்திப் பத்து நிமிடம் விட்டுப் பார்ப்பது நன்று. உயரம் குறைந்தாலோ, தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தாலோ, வளையம் மாற்றாமல் அதனைத் தொடலாகாது. ஜக்கிற் பொறித்த தொன் அளவு வண்டியின் முழுப் பாரத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மடங்கிய உயரமோ, காற்றுப்போன ரயரோடு தாழ்ந்து நிற்கும் வண்டியின்கீழ் நுழையுமளவுக்குக் குறைந்திருத்தல் வேண்டும்.

சில்லு மாற்றுவதாயின் அதன் சுரைகளை வண்டியை உயர்த்துமுன்னரே சிறிது தளர்த்திக் கொள்வர்; அந்தரத்தில் நிற்கும் வண்டியை உலுப்பாதிருக்க அதுவே வழி. மீளப் பூட்டும்போதும் அவ்வாறே, கையால் இயன்ற அளவு முறுக்கி, சில்லு நிலந்தொட்ட பின்னரே ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்குவர்.