திட்டப்பணி அறிக்கை

திட்டப்பணி அறிக்கை என்பது பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் மாணவர்கள் மேற்கொள்ளும் ஆய்வு, வடிவமைப்பு அல்லது சோதனையைப் பதிவு செய்யும் ஆவணம் ஆகும். மாணவர் வழக்கில் இது புராஜெக்ட் ரிப்போர்ட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் இதற்கென ஒரு வடிவத்தை வகுத்துள்ளது. அப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியான அரியலூர் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி 2008 இல் தொடங்கப்பட்டது.

உறுப்புகள்

இளநிலைப் பொறியியல் அறிக்கையின் பகுதிகள் பின்வரும் வரிசையில் அமையும்:

1. மேலட்டை, தலைப்புப் பக்கம்
2. மெய்ச்சான்றிதழ் (போனஃபைடு சான்றிதழ்)
3. ஆய்வுச் சுருக்கம்
4. பொருளடக்கம்
5. அட்டவணைகள், படங்கள், குறியீடுகளின் பட்டியல்கள்
6. இயல்கள்
7. பின்னிணைப்புகள்
8. மேற்கோள் நூற்பட்டியல்

ஆய்வுச் சுருக்கம் ஒரு பக்க அளவினது. சிக்கல், கையாண்ட முறை, கண்ட முடிவு ஆகிய மூன்றும் அதில் இடம்பெறும். இது முதலில் வைக்கப்பட்டாலும் இறுதியில் எழுதப்படுவதே பொருத்தமானது.

அச்சமைப்பு

உரைப்பகுதி டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில், 14 புள்ளி அளவில், ஒன்றரை வரி இடைவெளியுடன் அச்சிடப்படும். முன்பகுதிப் பக்கங்களுக்குச் சிறிய உரோமன் எண்களும், முதல் இயல் தொடங்கி இந்து-அராபிய எண்களும் இடப்படும். இதனால் முன்பகுதியில் ஒரு பக்கம் கூடினாலும் இயல்களின் பக்க எண்கள் மாறுவதில்லை.

அட்டவணைகளும் படங்களும் இயல் எண்ணையொட்டி எண்ணிடப்படும். அட்டவணை 4.1 என்பது நான்காம் இயலின் முதல் அட்டவணையைக் குறிக்கும். லிப்ரெ ஆபீஸ், லாடெக் போன்ற மென்பொருள்களில் தலைப்புகளுக்கு உரிய பாணியைக் குறித்துவிட்டால் பொருளடக்கம் தானாகவே உருவாகும். கையால் தட்டச்சு செய்த பொருளடக்கம், ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் பிழைபட வாய்ப்புண்டு.

இயல்களின் பயன்

அறிமுகம், முன் ஆய்வுகள், செய்முறை, முடிவுகள், முடிவுரை என இயல்களைப் பகுப்பது, பிறர் அதே சோதனையைத் திரும்பச் செய்து சரிபார்க்க உதவுகிறது. எடுத்துக்காட்டாக, சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர் பெற்ற அரியலூர்ப் பகுதியில், சிமெண்டின் ஒரு பங்குக்கு மாற்றாக நிலக்கரிச் சாம்பலைக் கலந்து கற்காரை செய்யும் திட்டப்பணியைக் கருதலாம். "வலிமை கூடியது" என்று மட்டும் எழுதினால் அதனைச் சோதிக்க இயலாது. கலவை விகிதம், நீர்-சிமெண்ட் விகிதம், 150 மி.மீ. கனசதுரங்களின் எண்ணிக்கை, நீராற்றிய நாட்கள் ஆகியவை செய்முறை இயலில் இருத்தல் வேண்டும். 7, 28 ஆம் நாள் அளவீடுகள் அட்டவணையில் தரப்படும். சாம்பல் கலவாத கற்காரையின் அளவீடும் உடன் இருந்தாலே ஒப்பீடு பொருளுடையதாகும். எதிர்பார்த்த வலிமை கிடைக்காவிடினும் அம்முடிவை உள்ளவாறே பதிவு செய்தல் வேண்டும்.

மெய்ச்சான்றும் மேற்கோளும்

அறிக்கையிலுள்ள பணி அம்மாணவர்கள் உண்மையாகச் செய்தது என்பதற்கு மெய்ச்சான்றிதழில் துறைத்தலைவரும் வழிகாட்டியும் கையொப்பமிடுவர். வெளியில் விலைக்கு வாங்கிய அறிக்கையோ படியெடுத்த இயலோ அச்சான்றைப் பொய்யாக்கிவிடும். பிறர் கருத்தை எடுத்தாளும்போது ஆசிரியர் பெயரும் ஆண்டும் உரையில் குறிக்கப்படும். நூற்பட்டியல் அகரவரிசையில் அமையும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வேடுகளில் 10 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஒப்புமைக்குப் படிநிலைத் தண்டனைகளை விதித்தது. 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவே நீக்கப்படும். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்கள் இக்கணக்கில் சேர்வதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* ஆய்வேடு
* கருத்துத் திருட்டு
* வாய்மொழித் தேர்வு