அரிசியும் மக்னீசியாவும்: மேக்கப்புக்கு அடியில் இரண்டு வெள்ளைகள்

மலாக்காவில் பகல் வெயில் 32 பாகையைத் தொடுவது செய்தியே அல்ல. காற்றில் ஈரத்துக்கும் குறைவில்லை. தோலின் சூடு ஒரு பாகை ஏறினால் எண்ணெய் சுரப்பது ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது என்று 1970-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கணக்குச் சொன்னது. மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்கு இரதத்தோடு போகும் பெண்களைக் கேட்டால், இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா என்பார்கள். ஜாலான் துக்காங் எமாசைத் தாண்டுவதற்குள் நெற்றியும் மூக்கும் மினுங்க ஆரம்பித்துவிடும். செங் போய்ச் சேரும்போது காலையில் பூசிய பவுண்டேஷனில் பாதி கைக்குட்டையில் இருக்கும்.

இதற்குக் கைவைத்தியமாக இரண்டு சரக்குகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, மலாய், நோன்யா வீடுகளின் அரிசி மாவுப் பூச்சான பெடாக் செஜுக். மற்றொன்று, மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் குடிக்கிற மில்க் ஆஃப் மக்னீசியா. இரண்டும் வெள்ளை, இரண்டும் எண்ணெயை இழுக்கும், ஆகவே எதை வேண்டுமானாலும் மேக்கப்புக்கு முன்னால் தடவலாம் என்ற பேச்சு கல்யாண வீடுகளில் சகஜமாகிவிட்டது. நிறத்தைத் தாண்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

பெடாக் செஜுக்கைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். அரிசியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் விடுவார்கள். முதலில் புளித்த வாடை குப்பென்று அடிக்கும். அண்டை வீட்டார் முகம் சுளிக்கும் அளவுக்கு. தண்ணீர் மாற மாற வாடை போய்விடும். விரலால் நசுக்கினால் மாவாகிற பதம் வந்ததும் அரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் தங்குகிற மாவைச் சொட்டுச் சொட்டாகத் துணியில் இட்டு வெயிலில் காயவைப்பார்கள். பாண்டான் இலையும் ரோஜா இதழும் மல்லிகையும் மணத்துக்கு. எஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. அரிசியின் மாவுத்துகள் 3 முதல் 8 மைக்ரோமீட்டர்தான். உருளைக்கிழங்கின் துகள் 100 வரைகூடப் போகும். அந்தப் பொடிமைதான் இதன் பலம். நீரில் கரைத்துத் தடவினால் தோலில் மெல்லப் படிகிறது, நீர் ஆவியாகும்போது குளிர்கிறது, மேலே வரும் எண்ணெய் துகள்களுக்கு இடையில் ஊறிப் பரவி மினுக்கம் மங்குகிறது.

1896-இல் மலாக்காச் சீனரான தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து கணக்கு வைத்தால், இந்த மாநிலத்துத் தோட்டத் தமிழரும் கம்போங் மலாய்க்காரரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அக்கம்பக்கம். பண்டமும் பக்குவமும் வேலி தாண்டியிருக்கின்றன. ஆனால் தோட்டத்துப் பெண்ணுக்கு அலங்காரம் என்றால் மஞ்சள், பயற்றமாவு, கோயிலுக்குப் போகையில் டின் பவுடர். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மங்கு மங்காக ரப்பர் பால் சேர்த்துவிட்டுத் திரும்புகிறவளுக்கு முகத்து எண்ணெய் ஒரு கவலையாகவே இருந்திருக்காது. மேக்கப்புக்கு அடியில் என்ன பூசுவது என்பது தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த தலைமுறையின் கேள்வி.

மக்னீசியாவின் பிறப்பு வேறு. 1829-இல் அயர்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் மரே மக்னீசியாவைத் திரவ மருந்தாக்கினார். 1870களில் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹென்றி பிலிப்ஸ் அதை இன்றைய பால் போன்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். புட்டியில் இருப்பது தண்ணீரில் மிதக்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு. அது நீரில் மிகச் சொற்பமாகவே கரையும். அதனால்தான் குலுக்காவிட்டால் அடியில் தங்கிவிடுகிறது. பெரியவர்கள் 30 முதல் 60 மில்லி குடித்தால் குடல் இளகும். முகத்துக்கு வேண்டியதோ பஞ்சில் சில சொட்டு.

மேக்கப்புக்கு அடியில் எது நிற்கும் என்ற ஒரே கேள்வியில், நம் ஊர்ப் பாசத்தை ஒதுக்கிவைத்துச் சொன்னால், மக்னீசியாதான் நிற்கும். மெல்லிய பூச்சாகக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயை உறிஞ்சுவதோடு, அதிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து மக்னீசியம் சோப்பாகவும் மாறக்கூடும். இது விநோதம் ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் காம்பாக்ட் பவுடர் பலவற்றில் மக்னீசியம் ஸ்டியரேட் என்ற பெயரில் அதே குடும்பத்துச் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது.

பெடாக் செஜுக்குக்கு இந்தப் பிடிப்பு இல்லை. மேலே ஈரமான பவுண்டேஷனை ஸ்பாஞ்சால் ஒற்றியதுமே மாவு கிளம்பி அதோடு குழைந்துவிடும். மூக்கோரத்திலும், சிரித்தால் விழும் கோட்டிலும் திட்டுத் திட்டாகச் சேரும். கல்யாணப் படங்களில் தெரியும் அந்தத் திட்டுக்கு அப்புறம் ஒப்பனைக்காரரைக் குறை சொல்வார்கள்! பெடாக் செஜுக்கின் இடம் மேக்கப்புக்குக் கீழே அல்ல. மேக்கப் இல்லாத நேரத்தில். இரவு படுக்குமுன், அல்லது வெயிலில் துணி காயப்போடும் மதியத்தில், முகம் முழுக்க வெள்ளையாகப் பூசிக்கொண்டு யார் பார்த்தால் என்ன என்று இருப்பதற்கானது அது.

வெள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நம்மில் பலருடைய நிறத்துக்கு இரண்டுமே சாம்பல் பூத்தது போலாகும். பெடாக் செஜுக் அதை மறைப்பதில்லை. கழுவும்வரை வெள்ளை, கழுவினால் பழைய முகம். மக்னீசியாவின் சாம்பல் பவுண்டேஷனுக்கு அடியில் ஒளிந்திருந்து, பிளாஷ் அடிக்கும்போதுதான் வெளியே வருகிறது. மாநிறத்துக்கும் கருமைக்கும் பொருந்திய பவுண்டேஷனைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிற பெண், கடைசியில் ஒன்றைக் கண்டெடுத்து, அதற்குக் கீழே வெண்சுண்ணம் போல ஒன்றைத் தடவினால் தேடியதெல்லாம் வீண். மக்னீசியாவைப் பூசத்தான் வேண்டும் என்றால் நெற்றி நடு, மூக்கு, தாடை நுனி இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குலுக்கி, கட்டியில்லாமல், ஒரே ஒரு பூச்சு. புதினா வாசனை சேர்த்த புட்டி வேண்டவே வேண்டாம், எரியும்.

தோல் கொடுக்கும் விலையில் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஆரோக்கியமான முகத்தோலின் காரகாடி அளவு (pH) 5-ஐ ஒட்டியது, அதாவது இலேசான புளிப்பு. மக்னீசியாப் பாலுடையது ஏறத்தாழ 10.5, நல்ல காரம். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. இடைவெளி ஐந்து படிக்கும் மேல். ஒருநாள் பூசிக் கழுவினால் சில மணி நேரத்தில் தோல் தன் நிலைக்கு மீளும். தினமும் வேலைக்குப் போகும்போது பூசினால் மீள இடைவெளி கிடைக்காது: இழுப்பு, செதில், எரிச்சல், பருக்காரருக்குக் கூடுதல் தொல்லை. தோல் மருத்துவர்கள் இதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம் என்பது இதனால்தான். அரிசி மாவில் இந்தக் காரம் இல்லை. அதில் பார்க்க வேண்டியது சுத்தம் ஒன்றுதான்; சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்ததை அழகு சாதனம் என்று முகத்தில் தேய்ப்பதில் அர்த்தமில்லை. பாசார் மாலாமில் பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் விற்பதைவிட, செய்தவரைத் தெரிந்து வாங்குவது மேல்.

விலையில் இரண்டும் பெரிய செலவில்லை. எண்ணெய்ச் சுரப்பியை இரண்டுமே கட்டுப்படுத்துவதும் இல்லை. சுரப்பி கேட்பது ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் பேச்சை. மேலே பூசியது மாவா மருந்தா என்று அதற்குத் தெரியாது. வந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது மட்டுமே இவற்றின் வேலை. அதுவும் சில மணி நேரத்துக்குத்தான்.

அதிகாலை முகூர்த்தம், மாலையில் விருந்து என்று நீளும் கல்யாண நாளில் அந்தச் சில மணி நேரத்துக்கு மதிப்பு உண்டு. அன்றைக்கு மட்டும் மக்னீசியாவை நான் ஒப்புக்கொள்வேன்; முந்தைய வாரத்து இரவுகளுக்குப் பெடாக் செஜுக். இடையில் மினுங்கினால் பவுடரை அள்ளி அப்பாமல் டிஷ்யூவால் ஒற்றி எடுப்பது போதும். மக்னீசியாவை ஒரு வாரம் முன்பே காதுக்குக் கீழே தாடையோரம் தடவி, பவுண்டேஷனும் போட்டு, பிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். முதல் சோதனையையே முகூர்த்தத்தன்று மணப்பெண் முகத்தில் செய்து பார்க்க வரும் ஒப்பனைக்காரரிடம், "வேண்டாங்க அக்கா, உங்க வழக்கமான பிரைமரையே போடுங்க" என்று பெண்ணின் அம்மா தாராளமாகச் சொல்லலாம்.