மூச்சுத் திணறிய ஹெரால்டு

கீழ்க்கட்டளையில் என் நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. "நிற்கிறது" என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சென்ற கோடையில் ஏரிக்கரைச் சந்தியில் சற்று நிதானித்தால் போதும், எஞ்சின் அணைந்துவிடும். சோக்கை இழுத்தால் உயிர் வரும், விட்டால் போய்விடும். நண்பர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் கண்ணில் பட்ட திருகுகளையெல்லாம் திருகினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!

அந்தக் கார் வேற்றூர்ப் பிறவி அல்ல. 1949 முதல் வண்டலூரில் நடந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் குழந்தை. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. உருவம் கொடுத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். 1961-ல் அது நம் வண்டலூருக்கு வந்தது. அங்கே இரண்டு கதவோடு இருந்த ஹெரால்டுக்கு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இங்கே நான்கு கதவுகள் வைத்தார்கள். பாட்டியும் பேரனும் பின் ஸீட்டில் ஏற வேண்டாமா?

கார்புரேட்டரின் சரித்திரம் இன்னும் பழையது. 1893-ல் ஜெர்மனியில் மேபாக் என்பவரும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் பெட்ரோலைக் காற்றில் தூவும் கருவியைக் கண்டார்கள். பூக்காரப் பெண் குழாயில் ஊதிப் பூவுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துத்தான் பாங்கிக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, தத்துவம் அதுதான். குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அழுத்தம் குறையும். ஜெட் என்ற நுண்துளை வழியே பெட்ரோல் தானே மேலேறித் தூவும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் பதினைந்து பங்கு காற்று வேண்டும். காப்பியில் டிகாக்ஷன் கூடினால் கசக்கும், குறைந்தால் சப்பென்றிருக்கும், இதுவும் அப்படியே.

கடைசியில் ஒரு வயோதிக மெக்கானிக் வந்தார். "பாய், கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?" என்றார் நண்பர்.

"முதல்லே அது தப்பு பண்ணிச்சான்னு பார்ப்போம், ஸார்" என்றார் பாய்.

முதலில் பிளக்கைக் கழற்றினார். கரிபடிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. காப்பிப்பொடி நிறம்தான் ஆரோக்கியம். பிளக் வெளுத்திருந்தது. காண்டாக்ட் பாயிண்டில் குற்றமில்லை. பிறகுதான் மிதவைக் கிண்ணத்தைத் திறந்தார். அடியில் துருவும் நீர்த்துளிகளும்! எஞ்சின் சும்மா ஓடும்போது பெட்ரோல் ஊட்டும் சின்ன ஜெட் அடைத்திருந்தது. நண்பர் ஊசியை நீட்டினார். "ஐயோ, துளை பெரிசாயிடும்!" என்று தடுத்து, காற்றடித்தே சுத்தம் செய்தார். கலவைத் திருகை மென்மையாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எஞ்சின் சுருதி சேர்ந்தது.

குற்றவாளி யார்? இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எதனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பருக்கு ஒவ்வாது. தன்னிடமே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவையையும் மெலிய வைக்கும். அறுபது வருஷத்துக்கு முந்திய ஜெட்டுக்கு இது எப்படித் தெரியும்?

வண்டலூர்த் தொழிற்சாலை 1988-ல் மூடப்பட்டது. புதிய கார்களில் கார்புரேட்டர் 2000-ஐ ஒட்டி மறைந்தது. 2020-ல் வந்த புகை விதிகள் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் அதை விரட்டின. நகரத்துக் காற்றுக்கு அது நல்லதே, நான் மறுக்கவில்லை. ஆனால் பாயிடம் இப்போது தொழில் கற்கும் பையன் யாருமில்லை. காருக்கு உதிரிச் சாமான் எங்காவது தேடிப் பிடிக்கலாம். அந்தக் காதுக்கு?

நண்பர் இப்போது ஞாயிறுதோறும் பாயின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்க்ரூடிரைவரை மட்டும் இன்னும் அவர் கையில் கொடுக்கவில்லையாம்.