இரவுத் தூக்கப் பரிசோதனை
உறங்குபவரின் மூளை, மூச்சு, இதயம், தசை ஆகியவற்றின் போக்கை இரவு முழுவதும் ஒருசேரப் பதிவுசெய்யும் பரிசோதனை இது. தலையில் பசை தடவி ஒட்டிய மின்முனைகள், கண்ணோரத்திலும் முகவாயிலும் கால்களிலும் ஒயர்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கில் மெல்லிய குழாய், விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் என்று பார்க்க மிரட்டும். ஆனால் ஊசி கிடையாது. உடலுக்குள் மின்சாரம் செலுத்துவதும் இல்லை. கழிவறைக்குப் போகக் குரல் கொடுத்தால் ஊழியர் வந்து இணைப்பைக் கழற்றிவிடுவார்.

புது இடத்தில், இத்தனை ஒயர்களோடு வருவது வீட்டுத் தூக்கம் ஆகுமா? நியாயமான கேள்விதான். முதல் இரவில் தூக்கம் பிடிக்கத் தாமதமாவதும் கனவுத் தூக்கம் குறைவதும் 1966-லேயே பதிவான உண்மை. ஆனால் மருத்துவர் தேடுவது நல்ல தூக்கத்தை அல்ல, தூக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் கோளாறை. பெரியவர்களுக்கு மூச்சு 10 நொடியாவது நின்றால் அல்லது வெகுவாகக் குறைந்தால் அது ஒரு நிகழ்வு. மணிக்கு 30 நிகழ்வுகளை எட்டும் கடுமையான மூச்சுத்தடை, அரைகுறைத் தூக்கத்திலும் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். முடிவு இயல்பாக வந்தும் அறிகுறிகள் தொடர்பவருக்குத்தான் இன்னோர் இரவு தேவைப்படலாம்.

குறட்டையைப் போனில் பதிவுசெய்தால் போதாதா என்பார்கள். போதாது. குறட்டை திடீரென அடங்கும் நேரத்தில், மூக்குக் குழாயில் காற்றோட்டம் இல்லாமல் மார்புப் பட்டை மட்டும் விரிந்து சுருங்கினால், தொண்டை அடைத்திருக்கிறது என்று பொருள். பட்டையும் அசையாவிட்டால் மூச்சுவிடும் கட்டளையே மூளையிலிருந்து வரவில்லை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.