பாலிங்கிற்கு வந்த வழக்கறிஞர்: டேவிட் மார்ஷலும் சட்டமன்ற மொழியும்

1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாள்களே பாலிங் என்னும் சிற்றூரின் பெயரை உலகச் செய்தியாக்கின. இங்குள்ள அரசினர் ஆங்கிலப் பள்ளியில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக், சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் ஆகியோர் ஒருபுறம் அமர்ந்தனர். பொதுவுடைமைக் கட்சியின் சின் பெங், ரஷீட் மைடின், சென் தியன் ஆகியோர் மறுபுறம் அமர்ந்தனர். துங்குவையும் சின் பெங்கையும் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். மார்ஷலோ தமிழ் மாணவர் தனித்து அறியவேண்டியவர்.

1908-இல் சிங்கப்பூரில், பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூதர் மரபில் பிறந்த மார்ஷல், 1937-இல் லண்டனில் வழக்கறிஞர் தகுதி பெற்றார். போரின்போது தொண்டர் படையில் பணியாற்றி, ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ஹொக்கைடோவுக்கு அனுப்பப்பட்டார். போருக்குப்பின் குற்றவியல் வழக்குகளில் பெரும்புகழ் ஈட்டினார். 1955 ஏப்ரல் தேர்தலில் அவரது தொழிலாளர் முன்னணி, தேர்தலுக்குரிய 25 இடங்களுள் 10 இடங்களை வென்றது. கேர்ன்ஹில் தொகுதியில் வென்ற அவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார்.

பாலிங் பேச்சின் முடிச்சு ஒரு சொல்லில் இருந்தது என்பது மொழியியலாராகிய நமக்குக் கருதத்தக்கது. அரசு பொதுமன்னிப்பை அறிவித்திருந்தது. ஆயினும், காட்டைவிட்டு வெளிவருவோர் விசாரணைக்கு உட்படவேண்டும் என்றும், கட்சிக்கு ஏற்பு இல்லை என்றும் அரசினர் கூறினர். வேறு பெயரிட்டாலும் அது சரணடைதலே என்று சின் பெங் மறுத்தார். தமிழில் ‘சரண்’ என்பது அடியார் இறைவனிடம் விரும்பி நாடும் நிலையையும் குறிக்கும். போர்க்களத்திலோ அதுவே மானக்கேடு. ஒரு சொல்லின் பொருளை அது வழங்கும் சூழலே உறுதிசெய்கிறது. உடன்பாடு எட்டாமலே பேச்சு முடிந்தது. 1956 பிப்ரவரியில் பொதுமன்னிப்பும் திரும்பப் பெறப்பட்டது. கம்பிவேலிக்குள் குடியமர்த்தப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளர்க்கு அவசரகாலத்தின் இன்னல் நீண்டது. 1960-இல்தான் அது முடிவுற்றது.

அதே 1956 பிப்ரவரியில், மார்ஷலின் ஆட்சிக்காலத்தில், சிங்கப்பூரில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. சீனமொழிக் கல்வி பற்றி ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழு, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டுமெனப் பரிந்துரைத்தது. சட்டமன்றமோ, உறுப்பினர் உரையாற்றும் மொழிகளாக ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் அமையவேண்டும் என்று தீர்மானித்தது. அதுவரை அம்மன்றம் ஆங்கிலம் ஒன்றிலேயே நடந்துவந்தது. ஆங்கிலம் அறியாதவர் தமக்கென இயற்றப்படும் சட்டம் பற்றி அங்கு வாய்திறக்க இயலாதிருந்தது.

இக்கோரிக்கையை முன்னின்று வலியுறுத்தியோர் பெரிதும் சீன அமைப்பினரே. மார்ஷலும் ஆங்கிலத்தில் வாதாடிப் புகழ்பெற்றவர். எனினும், தமக்கு நன்மை தந்த மொழியின் தனியுரிமையைத் தளர்த்த அவரது ஆட்சி இசைந்தது. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் சொல்வதை அவரது மொழியிலேயே கேட்டு, மொழிபெயர்த்து எடைபோடுவது வழக்கம். சட்டமன்றத்திலும் அம்முறை வேண்டும் என்பது வழக்கறிஞர்க்கு எளிதில் விளங்கக்கூடியதே என்று நாம் கருதுகிறோம்.

லண்டனில் முழு உள்நாட்டுத் தன்னாட்சி பெறும் முயற்சி தோற்றதால், 1956 ஜூனில் மார்ஷல் பதவி விலகினார். அவர் ஆண்ட காலம் பதினான்கு மாதங்களே. 1957-இல் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1961 இடைத்தேர்தலில் ஆன்சன் தொகுதியில் வென்று, 1963-இல் தோற்றார். பின்னர் பிரான்சு நாட்டில் தூதராகப் பணியாற்றி, 1995-இல் மறைந்தார். சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானபோது அந்நான்கு மொழிகளும் ஆட்சிமொழிகளாகச் சட்டத்தில் இடம்பெற்றன.

மலாயாவின் 1957 அரசமைப்போ வேறு வழியில் சென்றது. மலாய் தேசிய மொழியாயிற்று. பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்று 152ஆம் விதி காத்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் இவ்விதியின் நிழலில் நிற்பவை. சட்டமன்றத்தில் பேசும் உரிமையும் பள்ளியில் கற்பிக்கும் உரிமையும் வெவ்வேறானவை. இரண்டும் சட்டத்தின் சொற்களாலேயே நிலைபெறுபவை. ஆகவே, பாலிங் பேச்சைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், போரும் அமைதியும் பற்றிய பாடத்தோடு இம்மொழி வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். மாணவரும் 152ஆம் விதியை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தறிதல் நன்று.